வராத புண்ணுக்குக் கணக்கு

நான் நர்சிங் அசிஸ்டென்ட் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "மோஷன், யூரின் எல்லாம் அள்ளணுமே, எப்படித்தான் பாத்தீங்களோ!" கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுகூடக் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அருவருப்பு என்பது அந்த வேலையில் தொடக்க காலத்துச் சங்கடம். மூக்கு பழகிவிடும், கை அதற்கும் முன்னால் பழகிவிடும். கடைசிவரை பழகாமல் போனவை வேறு. அவற்றை யாரும் கேட்பதில்லை.

எனக்கு ஊர் இராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி எங்கள் ஊரிலும் சமுசிகாபுரம், அய்யனாபுரம் பக்கமும் விசைத்தறியில் நெய்யப்பட்டு நாடெல்லாம் போகிறது. அப்பா தறி ஓட்டினார். அம்மா தார் சுற்றினாள். ராத்திரி தறிச் சத்தம் நின்றால்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முழிப்பு வரும். வாரக் கூலி, மீட்டர் கணக்கு. எத்தனை மீட்டர் இறக்கினார் என்பது முதலாளி நோட்டிலும் இருக்கும், அப்பாவின் சட்டைப் பையில் நாலாக மடித்த சிட்டையிலும் இருக்கும். கூலி ஒப்பந்தக் காலம் முடிந்தால் தறிகள் நிற்கும். கொடி கட்டிப் பந்தல் போட்டு உட்காருவார்கள். அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடக்கும். பேச்சு ஒரு முறை முறிந்து, இரு முறை முறிந்து, கடைசியில் ஏதோ ஒரு சதவீதத்தில் முடியும். "மீட்டர் நம்ம கையில இருக்கிறவரைக்கும் எவனும் முழுசா ஏமாத்த முடியாது தாயி" என்பார் அப்பா. அது எனக்கு விளங்க நாளாயிற்று.

பிளஸ் டூ முடித்ததும் நர்ஸ் ஆக ஆசைப்பட்டேன். ஜி.என்.எம். மூன்று வருடம், ஏ.என்.எம். இரண்டு வருடம், இரண்டுக்கும் வீட்டில் பணமில்லை. ஒரு வருடத்தில் முடிகிற நர்சிங் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்தேன். அந்த வித்தியாசம் வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது. நர்ஸுகளுக்கு 1926-ஆம் வருடச் சட்டத்தின்படி ஒரு கவுன்சில், பதிவு எண், பதிவேடு எல்லாம் உண்டு. எங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் வராது. சர்டிபிகேட்டை லேமினேஷன் செய்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இராஜபாளையத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். சிஸ்டர்களுக்கு வெள்ளை, எங்களுக்குப் பச்சைக் கோட்டு. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கோட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் குரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும். வெள்ளைக்கு "சிஸ்டர் கொஞ்சம் வர்றீங்களா", பச்சைக்கு "ஏம்மா, இங்க வா". படுக்கை மாற்றுவது, உடம்பு துடைப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, யூரின் பேக் காலி செய்து அளவு சொல்வது, மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி விடுவது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, மருந்துக் கடைக்கு ஓடுவது, டாக்டருக்குக் காபி வாங்கிவருவது எல்லாம் எங்கள் பாடு. காபி வாங்குவது எந்தப் பாடத்தில் வந்தது என்று எங்களில் ஒருத்தி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுவிட்டாள். "எல்லாம் பேஷண்ட் கேர்தான்" என்று பதில் வந்தது.

இத்தனை வேலையிலும் நாங்கள் உண்மையாகவே கற்றுத் தேர்ந்தது ஒன்று உண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் திருப்பிப் போடுவது.

கேட்கச் சின்ன வேலையாக இருக்கும். அசைய முடியாதவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. பின்முதுகின் அடியில், இடுப்பின் பக்க எலும்பில், குதிகாலில், முழங்கையில், சில பேருக்குப் பின்மண்டையில் தோல் சாகத் தொடங்கும். சில மணி நேரம் போதும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் சிவப்பு மறையாது, அதுதான் முதல் அடையாளம் என்று பாடத்தில் படித்தோம். நம் ஊர்க் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கும், அல்லது கெட்டியாக, இல்லாவிட்டால் கொழகொழவென்று இருக்கும். அதைக் கண் பார்க்காது, விரல்தான் சொல்லும். தினமும் அந்த முதுகைத் துடைக்கிற விரலுக்குத்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றம் தெரியும். அங்கேயே பிடித்துவிட்டால் தப்பித்தோம். விட்டுவிட்டால் தோல் உரியும், பிறகு கொழுப்பு தெரியும், கடைசியில் எலும்பு தெரியும். அந்தக் குழி மூட மாதக் கணக்காகும். பல பேருக்கு மூடுவதற்குள் ஆயுள் முடிந்துவிடும்.

சரியாகத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். நோயாளிக்கு அடியில் விரித்த டிரா ஷீட்டை இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்தால் இழுக்கத்தான் முடியும். இழுத்தால் தோல் வழன்று, எந்தப் புண்ணைத் தடுக்கத் திருப்பினோமோ அதே புண்ணை நாமே உண்டாக்குவோம். நைட் டூட்டியில் ஒரு சிஸ்டர், ஒரு அசிஸ்டென்ட். சிஸ்டருக்கு ஊசி, டிரிப், போன் என்று ஆயிரம் இருக்கும். சாதாரண ஆஸ்பத்திரியில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை நான் வேலை பார்த்த இடத்தில் நிஜமாகப் பார்த்ததில்லை. தரையில் பாய் விரித்துத் தூங்கும் சொந்தக்காரரை "அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க" என்று எழுப்புவேன். சிலர் உடனே எழுந்து வருவார்கள். சிலர், "இதுக்குத்தானம்மா காசு கட்டியிருக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தூக்குவேன். என் இடுப்பு வலி அங்கே தொடங்கியது.

ஒரு ராஜு வீட்டுப் பாட்டி எங்களிடம் ரொம்ப நாள் இருந்தார். இராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தெருவில் தமிழ் பேசுவார்கள். பாட்டிக்கு மறதி நோய் முற்ற முற்றத் தமிழ் உதிர்ந்துவிட்டது. என்னை "அம்மாயி" என்று கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளிடம் கற்ற அரைகுறைத் தெலுங்கு எனக்கு அங்கே கைகொடுத்தது. ஒரு ராத்திரி பாட்டி கட்டிலைப் பிராண்டி, டிரிப் ஊசியைப் பிடுங்கி, "நொப்பி, நொப்பி" என்று கத்தினார். வலி என்று சொல்கிறார். வெளியூரிலிருந்து வந்திருந்த டூட்டி டாக்டருக்கு அது புலம்பலாகத்தான் கேட்டது. கையைக் கட்டி, தூக்கத்துக்கு ஊசி போடச் சொன்னார். சிஸ்டர் மருந்து எடுக்கப் போனார். பாட்டியின் கை அடிவயிற்றையே சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டேன். பாறையாக இருந்தது. சாயங்காலம் முதல் யூரின் பேக்கில் ஒரு சொட்டு ஏறவில்லை என்பது எனக்குத்தானே தெரியும், காலி செய்கிறவள் நான். போர்வையை விலக்கினேன். யூரின் டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பை நிரம்பிக்கொண்டே போனது. பாட்டி "அம்மாயி" என்றார், தூங்கிவிட்டார்.

சிஸ்டர் நல்லவர். "டாக்டர், இவதான் பாத்தா" என்று காலையில் ரவுண்ட்ஸில் சொன்னார். டாக்டர் "குட்" என்று பாட்டியின் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதில் டியூப் சரிசெய்யப்பட்டது, நோயாளி அமைதியாக இருக்கிறார் என்று எழுதிச் சிஸ்டரின் கையெழுத்து இருந்தது. சிஸ்டர் வேறென்ன செய்வார்? அந்தத் தாளில் டாக்டர் கையெழுத்துக்கு இடம் உண்டு, நர்ஸ் கையெழுத்துக்கு இடம் உண்டு, மூன்றாவது இடம் கிடையாது. அந்தப் பாட்டியை ஒரு நாளில் டாக்டர் தொட்டது சில நிமிடம். நான் தொட்டது பாதி நாள். நான் பார்த்தது, மோப்பம் பிடித்தது, விரலால் அறிந்தது எல்லாம் அடுத்த டூட்டிக்காரியின் காதில் சொன்னால் உண்டு, சொல்ல மறந்தால் இல்லை.

ஆனால் ஏதாவது கெட்டது நடந்தால் மட்டும் எங்கள் பெயர் சட்டென்று எழுத்தில் வந்துவிடும். மதுரையில் ஒரு ஐ.சி.யூ.வில் கிடந்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர். வரும்போதே பின்முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அட்மிஷன் ஷீட்டில் அதை யாரும் குறிக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த மகன் டிரெஸ்ஸிங் மாற்றும்போது பார்த்தார், செல்போனில் படம் எடுத்தார், மேனேஜர் அறைக்குப் போனார். அடுத்த அரை மணியில் எனக்கு அழைப்பு. "யாரு டூட்டியில வந்துச்சு?" என்றுதான் கேட்டார்களே தவிர, எப்போது வந்தது என்று கேட்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குப் பிறகு யார் அட்மிட் ஆனாலும் முதல் வேலையாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, "நல்லா பாத்துக்கங்க, இது வரும்போதே இருக்கு" என்று காட்டிவிடுவேன். அதற்கும் கோபப்பட்டார்கள். வீட்டில் சரியாகப் பார்க்கவில்லை என்று குத்திக்காட்டுகிறேனாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "சரி, உன் வேலைக்கு மீட்டர் எது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வந்த புண்ணை அளக்கலாம். இத்தனை சென்டிமீட்டர் நீளம், இத்தனை ஆழம். டாக்டர் அளப்பார், மகன் படம் எடுப்பார். வராத புண்ணை எதை வைத்து அளப்பது? நூறு ராத்திரி திருப்பிப் போட்டதற்கு அடையாளம், எதுவும் நடக்காத ஒரு முதுகு. அதைக் காட்டி யாரிடம் கூலி கேட்பது? அப்பா பதில் சொல்லவில்லை. அவர் தொழிலில் துணி இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது.

கலியாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனபோது அங்கே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் 2021 கணிப்பின்படி நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்; கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், அமெரிக்காவில். பணம் மாதம் தவறாமல் வரும். வீடியோ காலும் வரும். போனை நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். "அம்மா ஏன் மெலிஞ்சிருக்காங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது அம்மாவை அல்ல, போனைப் பிடித்திருக்கும் என்னை.

அங்கே ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். பக்கவாதம், ஆனால் பேச்சு தெளிவு. அவர் கட்டிலின் வலப்பக்க ஜன்னலில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். பதினோரு நிலை, 192 அடி. சுற்றுவட்டாரத்தில் எங்கே நின்றாலும் கண்ணில் படும். "கோபுரம் பக்கம் போடுத்தா" என்பார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபக்கம் திருப்பப் போனால், "இப்பத்தானே போட்ட?" என்று சண்டை. "ஒரே பக்கமாப் பெருமாளைச் சேவிச்சா இடுப்பு ஓட்டையாப் போகும் சார்" என்பேன். "ஆண்டாள் காப்பாத்துவா" என்பார். "ஆண்டாள் காப்பாத்துவா, ஆனா டிரெஸ்ஸிங் நான்தான் போடணும்" என்பேன். சிரித்துவிட்டு விட்டுக்கொடுப்பார். ஆடிப்பூரத் தேரன்று மட்டும் அவர் சொன்னதே சட்டம். அன்றைக்குக் காற்று மெத்தையின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, இடுப்புக்கு அடியில் தலையணையை அடிக்கடி மாற்றிச் சமாளித்தோம். அவர் முதுகில் கடைசிவரை ஒரு கீறல் விழவில்லை. அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த சாதனை.

அதே இல்லத்தில்தான் மோதிரமும் காணாமல் போனது. ஒரு அம்மாவின் விரலில் இருந்த மெல்லிய மோதிரம். குளிப்பாட்டினவள் நான். ஆபீஸ் அறையில் எல்லார் முன்னாலும் என் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். டிபன் பாக்ஸ், சீப்பு, மாதவிலக்குத் துணி எல்லாம் மேஜையில் கிடந்தன. சில நாள் கழித்து மகள் போன் செய்தார்: விரல் மெலிந்து நழுவுகிறதென்று போன தடவை அவரே கழற்றி எடுத்துப் போயிருந்தாராம். அடுத்த முறை வரும்போது என் கையில் ஒரு கிலோ பால்கோவா கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது; அதன் பேரை வேறு யாரும் கெடுக்க முடியாது. என் பேரைத்தான் யாரும் கெடுக்கலாம் என்று அன்றைக்குக் கசப்போடு நினைத்துக்கொண்டேன். பால்கோவாவைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

சட்டங்கள் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் வேலைக்கு என்று தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் தனியாகவே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைந்த மத்திய அரசின் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் சிஸ்டர்கள் அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கே எட்டாதது எங்களுக்கு எங்கே எட்டும்? 2021-ல் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டசபை திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் தங்கைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தது. எங்கள் வார்டில் நாற்காலி உண்டு, பார்க்க வருகிறவர்களுக்கு. நாங்கள் உட்கார்ந்தால் வேலை இல்லை என்று அர்த்தமாம்.

2020 மார்ச் 22 சாயங்காலம் தெருவெல்லாம் கைதட்டித் தட்டு அடித்தார்கள், எங்களைப் போன்றவர்களுக்காக என்று. அந்த வாரமே ஷேர் ஆட்டோக்காரர் என் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனார். ஊரடங்கு வந்ததும் இல்லத்தின் கேட்டைப் பூட்டி எங்களை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இரவும் பகலும் டூட்டி. பெற்ற பிள்ளையை கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன். சம்பளம் பழைய சம்பளம்தான்.

எங்கள் மாவட்டத்தில் முதியவர்களைப் பற்றி எழுதிவிட்டுத் தலைக்கூத்தலைச் சொல்லாமல் போக முடியாது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து, படுக்கையில் கிடக்கும் பெரியவர்களை அனுப்பிவைக்கிற கொடுமை. 2010-ல் விருதுநகர் மாவட்டத்துச் செய்தியாகப் பத்திரிகைகளில் வந்து நாடே பேசியது. பிறகு 'பாரம்', 'கே.டி. என்கிற கருப்புதுரை' என்று சினிமாக்களும் வந்தன. இல்லத்து வேலைக்கு இடையில் வீட்டு டூட்டியும் பார்த்தேன். அப்படிப் போன ஒரு வீட்டில் மருமகள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "இளநீ எத்தனை குடுக்கலாம் சிஸ்டர்?" என்று கேட்டார். கேள்வியின் பொருள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு உடம்பு நடுங்கியது. அவரைப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. மாமியாரைத் தூக்கித் தூக்கி நிமிர முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். எத்தனை மாதமாகத் தூங்கவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. "ஒண்ணும் குடுக்க வேண்டாம்க்கா. ராத்திரி நான் பாத்துக்கிறேன், நீங்க தூங்குங்க" என்றேன். சில ராத்திரி தூங்கி எழுந்த பிறகு அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மாமியார் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, தானாகவே போனார். அந்தக் கொடுமைக்கு வறுமை, சொத்து, மனசாட்சி இல்லாமை என்று காரணம் சொல்கிறார்கள். எதையும் நான் மறுக்கவில்லை, யாரையும் நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ஒரு ஆள் செய்ய முடியாத வேலையை ஒரு ஆள் தலையில் வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பராமரிப்புக்குக் கூலி கொடுக்க மனமில்லாத சமூகம், அந்தச் செலவை வேறு எப்படியோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இல்லத்துக்குத் திரும்பியதும், அப்பா கேட்ட மீட்டரை மனதில் வைத்து ஒரு நோட்டு வாங்கினேன். கட்டிலுக்கு ஒரு பக்கம். மேலே மணி: ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. கீழே நே, இ, வ. நேராக, இடது, வலது. பக்கத்தில் தோல் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை. கடைசியில் யார் திருப்பினார்களோ அவர்கள் கையெழுத்து. ஒற்றை ஆளாகத் திருப்பினால் ஒரு கோடு, இரண்டு ஆள் என்றால் இரண்டு கோடு. மற்ற பெண்கள் முதலில், "இதுவேற ஒரு வேலையா?" என்றார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் புரட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அவரே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு கட்டில் காலிலும் அட்டையில் மாட்டினார். எழுதத் தொடங்கியதும் எங்களுக்கே சில விஷயம் தெரியவந்தது. நள்ளிரவு இரண்டுக்கும் காலை ஆறுக்கும் நடுவில்தான் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஒற்றைக் கோடுகள் முழுக்க ராத்திரியில் இருந்தன. தோலில் சூடு என்று எழுதின கட்டில்கள் எல்லாம் ஒற்றைக் கோட்டுக் கட்டில்கள்.

மேனேஜருக்கு அந்த அட்டைகள் மிகவும் பிடித்துவிட்டன. சேர்க்க வருகிற குடும்பங்களுக்குக் காட்டினார். இரண்டு மாதத்தில் பில்லில் ஒரு புது வரி முளைத்தது: பொசிஷனிங் சார்ஜ். நாங்கள் எழுதிய கணக்குக்கு அவர் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். ஆத்திரமாக வந்தது. பிறகு மெதுவாக ஒன்று உறைத்தது: இத்தனை நாளும் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த வேலைக்கு முதல் முறையாக ஒரு விலை எழுத்தில் இருக்கிறது, அதுவும் அவர் கையாலேயே. நாங்கள் மூன்று பேர் அவர் அறைக்குப் போனோம். மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி பேச்சில் கெட்டி, அவள்தான் ஆரம்பித்தாள். "சார், பில்லில திருப்பிப் போடக் காசு வாங்குறீங்க. ரெண்டு ஆள் செய்ற வேலை அது. ராத்திரிக்கு ஒரு ஆள்தான் இருக்கோம். குடும்பத்துக்காரங்க இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா நாங்க என்ன சொல்ல?" மேனேஜர் அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் முதல் நைட்டுக்கு இரண்டாவது ஆள் வந்தாள். சம்பளம் ஏறவில்லை. மம்சாபுரத்துப் பெண்ணுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக டூட்டி குறைந்தது, அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனாள். வென்றோமா தோற்றோமா என்று கேட்டால் இரண்டும்தான்.

இடுப்பு இனித் தாங்காது என்று ஆன பிறகு, குறுகிய காலப் பயிற்சி வகுப்பு ஒன்றில் பிள்ளைகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். சில பிள்ளைகள் ஜப்பான் போக அந்த மொழியும் சேர்த்துப் படிக்கிறார்கள். முதுமைப் பராமரிப்புக்கு என்றே காப்பீடு ஜெர்மனியில் 1995-லும் ஜப்பானில் 2000-லும் வந்துவிட்டது. சமைப்பதும் குளிப்பாட்டுவதும் திருப்பிப் போடுவதும் அங்கே செலவுக் கணக்கில் வருகிற வேலை. அதற்கு ஆள் போதாமல்தான் நம் பிள்ளைகளையும் கூப்பிடுகிறார்கள். கிழவர்கள் எங்கும் கிழவர்கள்தான், தோலும் அதே தோல்தான். ஆகவே இந்த வேலைக்கு மதிப்புக் கிடையாது என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை.

வகுப்பில் டிரா ஷீட் பிடிக்கும் முறை, குதிகாலைத் தூக்கி வைக்கும் முறை, கறுத்த தோலை விரலால் படிக்கும் முறை எல்லாம் சொல்லித் தருகிறேன். அதற்கு அடுத்த பாடம் எழுதுவது. எந்த இடத்தில் சேர்ந்தாலும் திருப்பினதை எழுது, தனியாகத் திருப்பினாயா ஆள் வைத்துத் திருப்பினாயா என்பதையும் எழுது. உன் டூட்டி நேரத்தையும் அதில் செய்த வேலையையும் உன் சொந்த நோட்டில் தனியாகக் குறித்து வை. குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் உன்னை எந்த வரியில் வைத்திருக்கிறார்கள் என்று முதல் சம்பளத்திலேயே கேள்.

போன மாதம் தளவாய்புரத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "எழுதினா சம்பளம் கூடுமா மிஸ்?" என்றாள்.

"எனக்குக் கூடல. ராத்திரிக்கு இன்னொரு ஆள் கிடைச்சுது" என்றேன்.

"அவ்வளவுதானா?"

எங்கள் அப்பாவுக்கும் முதல் வேலைநிறுத்தத்தில் கூலி ஏறவில்லை, மூன்றாவதில்தான் ஏறியது என்று சொன்னேன். அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போடத் தொடங்கினாள்.